மறு: 'ரெசல்யூஷனுக்கு ஏற்ற வடிவமைப்பு' – தமிழில் எப்படிச் சொல்வது?

> "திரைத் தெளிதிறனுக்கு ஏற்ப வடிவமைத்தல்" என்பது நீளமாக இருக்கிறது. ஒரே சொல்லாகச் சுருக்க முடியுமா?

சுருக்கலாம். ஆனால் எனக்கு நீளத்தைவிடத் 'தெளிதிறன்'தான் உறுத்துகிறது. 1920×1080 என்பது திரையில் குறுக்கும் நெடுக்குமாக எத்தனை புள்ளிகள் (பிக்சல்கள்) என்ற வெறும் எண்ணிக்கை; அதில் தெளிவு எங்கே வந்தது? அதே 1920×1080, 24 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். 14 அங்குல மடிக்கணினியில் 157. நூறு புள்ளி அகலத்தில் ஒரு பொத்தான் வரைந்தால் முன்னதில் 2.8 செ.மீ., பின்னதில் 1.6 செ.மீ. நிரலரைப் படுத்துவது இந்த வேறுபாடுதான். 'ரெசல்யூஷன்' புள்ளிகளின் எண்ணிக்கை, நெருக்கம் இரண்டையும் ஒரே பெயரால் குறிக்கிறது; தமிழிலும் அந்தக் குழப்பம் எதற்கு?

மக்கள்தொகை, மக்களடர்த்தி என்று பள்ளியிலேயே பிரித்துப் படித்திருக்கிறோம். அதே போக்கில் புள்ளித்தொகை, புள்ளியடர்த்தி என்று வைத்தால் விளக்கமே வேண்டாம். 'பிரிதிறன்' இருக்கிறதே என்பீர்கள். நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டும் திறன் என்று நுண்ணோக்கிக்கும் தொலைநோக்கிக்கும் அது வழங்குகிறது. அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம், 'திரையிசைவு' என்று ஒருவர் முன்வைத்திருந்தார். பொருள் சரிதான். ஆனால் காதில் விழுந்ததும் திரையிசைப் பாடல்தான் ஓடுகிறது! உயிரியல் பாடத்தின் 'தகவமைப்பு' இதற்குப் பொருந்தும்: சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. ஆகவே 'திரைத்தகவமைப்பு'. இதைத் 'திரைத்தகவு' என்று குறுக்க வேண்டாம், நிகழ்தகவு குறுக்கே வரும்.

திரையில் உள்ள எழுத்தையும் பொத்தானையும் பெரிதாக்கிக் காட்டும் 'ஸ்கேலிங்' என்பதற்கு 'உருப்பெருக்கம்' வேண்டாம் என்பேன். அது ஆடிக்கு உரியது. விண்டோஸில் 100 விழுக்காடு என்றால் 96 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), 150 என்றால் 144. அதாவது 1.5ஆல் பெருக்குகிறோம், எனவே 'பெருக்கெண்'. திரைக்குத் திரை பெருக்கெண் மாறலாம் என்ற வசதி 2013இல் விண்டோஸ் 8.1உடன் வந்தது. இந்த மாற்றத்தைக் கையாளத் தனக்குத் தெரியும் என்று அறிவிக்காத செயலியை இயங்குதளமே படம்போல இழுத்துக் காட்டும், எழுத்து மங்கும். அறிவிக்கும் செயலியை 'அடர்த்தியறி செயலி' எனலாமா? கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது, இதைவிட நல்லது கிடைத்தால் விட்டுவிடுகிறேன்.

இதில் தமிழுக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து உயரத்தைப் புள்ளிக் கணக்கில் நிறுத்திய பெட்டியில் 'கீ'யின் மேற்சுழி வெட்டுப்படும், 'பூ'வின் கீழ்ப்பகுதி காணாமல் போகும். பெருக்கெண் ஏற ஏற எழுத்து மட்டும் வளரும், பெட்டி அப்படியே நிற்கும். அகலமும் அப்படித்தான்: 'அமைப்புகள்' என்ற சொல்லுக்கே பல பொத்தான்கள் திணறுகின்றன. எழுத்தை அளந்து அதற்கேற்பப் பெட்டியை விரிப்பதுதான் வழி. அதற்கும் ஒரு பெயர் வேண்டும். 'நெகிழ் தளக்கோலம்' என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன் (தளக்கோலம் என்பது 'லேஅவுட்').

பிக்சலைப் 'படவணு' என்று எழுதுவோருக்கு ஒரு கேள்வி: அப்படியானால் 'அணுவடர்த்தி' என்று வருமே, வேதியியல்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா?