ஆகஸ்டில் அலைச்சறுக்கு: கூட்டமில்லாத கரை எது?

நெடுங்கேணிப் பிள்ளை:

வணக்கம். ரொறன்ரோவிலிருந்து சித்தியின் மகன் ஆகஸ்டில் வருகிறான். அங்கேயே பிறந்து வளர்ந்தவன், அலைச்சறுக்கு என்றால் உயிர். பலகையையும் விமானத்தில் கொண்டுவருகிறானாம். பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம்குடாவுக்குப் போ என்றால், அங்கே ஒரே அலைக்குப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், எனக்கு ஆளரவம் குறைந்த கரை வேண்டும் என்கிறான். முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வரை நம்முடைய கரை வெறுமையாகத்தானே கிடக்கிறது? அங்கே கூட்டிக்கொண்டு போகலாமா? எனக்குக் குளமும் வயலும்தான் தெரியும். கடல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளம்பில் கரையோன்:

தங்கச்சி, ஆகஸ்டில் இங்கே அவனுடைய பலகைக்கு வேலை இல்லை. அது சோழகக் காலம், தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்கள். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரம் பெரும்பாலும் முழங்காலளவு அலைதான். அவன் தேடுகிற அலை தென்சமுத்திரத்தில், வெகு தொலைவில் எழும் புயல்களில் பிறந்து வருவது. அது தீவின் தென்கிழக்கு மூலையில் பொத்துவில், பாணமைப் பக்கம் நன்றாக ஏறும். அங்கிருந்து வடக்கே திரும்பி நம்மிடம் வருவதற்குள் வலு போய்விடும்.

கரை வெறுமையாகக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அப்படியே விட எனக்கு மனம் இல்லை. சோழகத்தில் ஒருநாள் விடியமுன் வந்து கரைவலை இழுப்பதைப் பாருங்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போய், வலையை அரைவட்டமாக வளைத்து, மறுதலைப்பைத் தூரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் இடுப்பைக் கொடுத்துப் பின்னால் நடந்து நடந்து இழுப்பார்கள். பல இடங்களில் உழவு இயந்திரத்தாலும் இழுத்திருக்கிறார்கள், ஆனாலும் ஆள் வேண்டும். கயிறு ஈரத்தில் விறைத்து, மணலும் ஒட்டி, உள்ளங்கையை அரம்போல் அறுக்கும். வலை நெருங்க நெருங்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி நகரும். கடைசியில் வலையின் மடி கரை தட்டும்போது சூடையும் நெத்தலியும் துள்ளுகிற சத்தம் நிலத்திலேயே கேட்கும். இந்த ஒவ்வொரு துண்டுக் கரையும் ஒரு பாடு, அதாவது வலை வளைக்கிற இடம். ஒவ்வொரு பாட்டுக்கும் உரியவர்கள் இருக்கிறார்கள். வளைத்த வலைக்குள் பலகையோடு ஒருவன் இறங்கினால் பல குடும்பங்களின் ஒருநாள் உழைப்பு போய்விடும்.

அலை வேண்டுமென்றால் வடகீழ்க் காற்று வீசும் வாடைக் காலத்தில் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் கடல் வீட்டு உயரத்துக்கு எழும்பி வரும். ஆனால் அது பக்கத்திலேயே காற்று கிளப்பும் அலை. ஒழுங்கில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று விழும். உடைந்த நீர் திரும்பிப் போகும் வழியில் ஆளையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும். எங்கள் ஆட்களே தோணிகளை மேட்டில் ஏற்றிவிட்டு இருக்கிற மாதங்கள் அவை. 2004 டிசம்பர் 26 சுனாமி வந்ததும் இந்தக் கரையில்தான். மார்கழிக் கடலில் ஒருவர் விளையாடுவதைப் பார்க்க இங்கே பலருக்கு மனம் வராது. அதையும் தம்பிக்குச் சொல்லுங்கள்.

அவனுக்குச் சரியான இடம் பாணமைக்குத் தெற்கே, கரையோரம் முருகன் கோயில் இருக்கிற உகந்தை. கதிர்காமத்துக்கு நடந்து போகிற வன்னிச் சனத்துக்கு நன்றாகத் தெரிந்த இடம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கும் பாதயாத்திரை முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளை வழியாக வந்து, கிழக்குக் கரையோரமாகவே இறங்கி, உகந்தையில் இளைப்பாறித்தான் குமண, யால காட்டுக்குள் நுழையும். நானும் அந்த வழியே நடந்தவன். முருகன் வந்திறங்கிய ஓடம் கல்லாகிவிட்டது என்று சொல்லப்படும் பாறை கரையிலேயே இருக்கிறது. பின்னால் வள்ளியம்மன் மலை, அதில் சுனைகள். பாறைமுனையைச் சுற்றி வளைந்துவரும் அலை தெற்கிலிருந்து வடக்கே ஒரே சீராகப் பிரிந்துகொண்டு போகும். நடந்த காலோடு நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். நீரில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவ்வளவுதான் கூட்டம்.

பொத்துவில் வாசி:

அளம்பில் அண்ணன் சொன்னது சரி. எங்கள் ஊரிலிருந்து உகந்தை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். பாணமை வரை தார் வீதி, அதற்குப் பிறகு கிரவல் பாதை. முச்சக்கரவண்டியின் மேல் பலகையைக் கட்டிக்கொண்டும் போகிறார்கள். இரண்டு மூன்று பேர் என்றால் ஜீப் நல்லது. யானை நடமாடும் வழி. இருட்டில் பயணம் வேண்டாம். பொழுது சாயுமுன் பாணமைக்குத் திரும்பிவிட வேண்டும். காலையில் கரைக்காற்றில் அலை வழுவழுவென்று நிற்கும், மதியத்துக்குப் பிறகு கடற்காற்று எழும்பினால் குழம்பிவிடும். ஆகவே விடிந்ததும் புறப்படுங்கள். குடிதண்ணீரும் சாப்பாடும் கையோடு இருக்கட்டும். உயிர்காப்பாளர் யாரும் இல்லை, தனியாக இறங்க விடாதீர்கள். முனைப்பக்கம் பாறை, அலை வடியும்போது எங்கே தலைகாட்டுகிறது என்று கரையில் நின்று பார்த்துவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

வவுனியாவிலிருந்து வருவதானால் ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை, பிறகு ஏ15 வீதியில் மட்டக்களப்பு, அங்கிருந்து ஏ4. ஒரே நாளில் வந்து இறங்குவது கடினம். முதல் இரவு பொத்துவிலில் தங்குங்கள்.

நெடுங்கேணிப் பிள்ளை:

இருவருக்கும் மிகவும் நன்றி. அம்மாவும் வருகிறேன் என்கிறார். கோயிலைக் கும்பிட வேண்டுமாம். யாத்திரைச் சனம் நிறைந்த நேரத்தில் போய் மாட்டிக்கொள்வோமா? கோயிலடியில் பலகையோடு போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

அளம்பில் கரையோன்:

கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுப்பாதையைத் திறக்கிற நாட்களில்தான் உகந்தை நிரம்பி வழியும். அநேகமாக ஆனி, ஆடிக்குள் வரும், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த வருடத்துத் திகதியைப் பார்த்து, திருவிழா முடிந்த பிறகு போங்கள். அம்மா வருவது நல்லது. முதலில் கும்பிடட்டும், தம்பியும் கூடவே நிற்கட்டும். கோயில் வாசலில் உடை மாற்றுவது, ஈரக் காற்சட்டையோடு உள்ளே போவது, மச்சம் மாமிசம் கட்டிக்கொண்டு போவது வேண்டாம். இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தெரியாத பிள்ளையை அங்கே வைத்துக் கண்டிப்பது அழகில்லை. கோயில் குமண பூங்கா வாயிலுக்கு முன்பே இருக்கிறது; பூங்காவுக்குள் போகாமலே கரையை அடையலாம். பொலித்தீன் பைகளை மட்டும் அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். மான் தின்கிறது.

திரும்பி வந்தபின் தம்பியை ஒரு விடியற்காலை எங்கள் கரைவலைப் பாட்டுக்கு அனுப்புங்கள். பலகை வேண்டாம். கயிறு இழுக்க எப்போதும் ஆள் குறைவு. மடியில் மீன் பட்டால் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு.