புதுப்பிப்பு: மாந்தோப்பில் புல்வெட்டும் வண்டி அடைத்துக்கொண்டது பற்றி

கிருஷ்ணகிரியை அடுத்த எங்கள் மாந்தோப்பில், அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி சிறிது தூரம் ஓடியதும் புல் அடைத்து நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அது இப்போது சீராகிவிட்டது. பிளேடைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம் என்று சிலர் கூறியதால் அதை முதலில் பார்த்தோம், குறையில்லை. காரணம் பிளேடில் இருந்தது. பிளேடின் பின்விளிம்பில் மேல்நோக்கி வளைந்திருக்கும் பகுதிதான் விசிறியைப் போலக் காற்றை எழுப்பி, வெட்டிய புல்லைப் பக்கவாட்டுத் திறப்பின் வழியே வெளியே தள்ளுகிறது. மணலும் சரளையும் உரசி அந்த வளைவு தேய்ந்துபோனதால், முனை கூர்மையாக இருந்தும் புல் உள்ளேயே தங்கிவிட்டது. புதிய பிளேடு மாட்டி, அதை மூடியிருக்கும் தகட்டின் அடியில் இறுகிக் கிடந்த பழைய புல்லையும் சுரண்டி எடுத்தோம். அங்கே கைவைக்கும் முன், எஞ்சின் தற்செயலாக ஓடிவிடாதபடி ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றிவிடுங்கள். இதில் அலட்சியம் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும் புல்லை ஒரேயடியாக வெட்டாமல், முதலில் பிளேடை உயர்த்தி வைத்தும் பிறகு தாழ்த்தியும் வெட்டுகிறோம். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, வண்டியை மட்டும் மெதுவாக நகர்த்துகிறோம். பனி காயும் முன் வெட்டினால் இன்னமும் சிறிது ஒட்டுகிறது. ஆகவே வெயில் ஏறிய பிறகே தொடங்குகிறோம்.