‘எவ்வளவு அடித்தாலும் ஸ்டெடி’: இது அப்பா வழி வந்ததா?

தறிக்காரன்:
வணக்கம். எங்கள் அப்பா கல்லீரல் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து இறந்தார். தாத்தாவும் குடிதான் என்பார்கள். இப்போது அண்ணனுக்குக் காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நிற்கிறது. அப்புறம்தான் தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடவே முடிகிறது. யாரோ சொன்னார்கள் என்று அம்மா ‘குடியை மறக்கடிக்கும் பவுடர்’ வாங்கி வந்து, அவனுக்குத் தெரியாமல் ரசத்தில் கலக்கட்டுமா என்று கேட்கிறார். பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட அச்சடிக்கவில்லை.

நான் எப்போதாவது நண்பர்களோடு மட்டும். மற்றவன் இரண்டாவது ரவுண்டில் உளற ஆரம்பித்துவிடுவான். நான் குவார்ட்டரை முடித்துவிட்டும் ஸ்டெடியாக எல்லாரையும் வீட்டில் கொண்டுபோய் விடுவேன். அதனால் எனக்கு இந்த வியாதி வராது என்று நினைக்கிறேன். ஜீன் டெஸ்ட் எடுத்தால் உறுதியாகத் தெரியுமா?

வார்டு அக்கா:
தம்பி, குடிநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முதலில் பவுடரைப் பிடுங்கி வை. இப்படி ரகசியமாகக் கலக்கிற சிலவற்றில் டைசல்ஃபிராம் இருக்கும். 1940களில் டென்மார்க்கில் கண்டுபிடித்தது, நல்ல மருந்துதான். ஆனால் அதைச் சாப்பிட்டவன் குடித்தால், சாராயம் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடு உடம்பிலேயே தேங்கிவிடும். முகம் சிவக்கும், வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்கும். அவனுக்குச் சொல்லி, அவன் சம்மதித்து, ஈசிஜியும் கல்லீரல் டெஸ்டும் பார்த்துக் கொடுக்க வேண்டியது. தெரியாமல் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து.

வேடிக்கை என்னவென்றால், ஜப்பான், சீனா, கொரியாவில் பலருக்கு இந்த மாத்திரையின் வேலையை ஒரு ஜீனின் மாறிய வடிவமே செய்கிறது. ஏஎல்டிஹெச்2 என்று பெயர். ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்து படபடக்கும். அப்படிப்பட்டவர்கள் குடிக்கு அடிமையாவது குறைவு. நம் பக்கம் அது அரிது.

இப்போது உன் கதை. 1973இல் டென்மார்க்கில் குட்வின் என்பவர், பிறந்த சில வாரங்களிலேயே தத்துப் போன பிள்ளைகளைத் தேடிப் பார்த்தார். பெற்ற அப்பனோ அம்மாவோ குடிநோயாளியாக இருந்த பையன்களில் 18 சதவீதம் பேர் அதே நோயில் விழுந்திருந்தார்கள். மற்ற தத்துப்பிள்ளைகளில் 5 சதவீதம். வளர்த்த வீடு வேறு, ரத்தம் மட்டும்தான் பொது. இரட்டையர் ஆய்வுகளும் சேர்த்துப் பார்த்தால் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய பாதி. ஆனால் ஒரே ‘குடி ஜீன்’ கிடையாது. 1990இல் டோபமைன் (மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புள்ள ரசாயனம்) ஜீன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பரபரப்பு கிளம்பியது. அடுத்தடுத்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. சின்னச் சின்னதாய் நிறைய ஜீன்கள். அதனால் டெஸ்டுக்குக் காசு போடாதே.

உன் டெஸ்ட் ரிசல்ட்டை நீயே மேலே எழுதியிருக்கிறாய். அமெரிக்காவில் மார்க் ஷக்கிட் என்ற டாக்டர், இருபது வயதுப் பையன்களுக்கு அளந்து சாராயம் கொடுத்து, யார் எவ்வளவு தள்ளாடுகிறார்கள் என்று பார்த்தார். பத்து வருடம் கழித்து அவர்களையே போய்ப் பார்த்தார். குடிநோயாளியின் மகன்களில் ‘ஸ்டெடி’யாக நின்றவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளியாகியிருந்தார்கள். சீக்கிரம் ஏறியவர்களில் 14 சதவீதம்தான். ‘போதும்’ என்று உடம்பு அடிக்க வேண்டிய மணி உனக்கு அடிப்பதில்லை, அவ்வளவுதான். இதைப் பெருமையாகச் சொல்லும் பையன்களை வார்டில் நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம், குவார்ட்டர் அடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை இன்றோடு விடு.

மலைக்கோட்டை:
எல்லாம் சாக்கு. குடிகாரன் மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடாமல் இருக்கிறான். அப்போது ஜீன் எங்கே போச்சு?

வார்டு அக்கா:
இருப்பான் ஐயா. மாலை கழற்றிய ராத்திரிதான் எங்களுக்கு அட்மிஷன் வரும். நிறுத்துவது வேறு, திரும்பப் போகாமல் இருப்பது வேறு. நோயா ஒழுக்கக்கேடா என்ற சண்டை பழையது. 1956லேயே அமெரிக்க மருத்துவச் சங்கம் நோய் என்று சொல்லிவிட்டது. அதற்காக மனசுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்கள்) கூட்டத்தில் உட்கார்ந்தே மீண்டவர்களை நேரில் தெரியும்.

தறிக்காரன்:
அக்கா, பவுடரைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். ‘நாளையிலிருந்து நானே நிறுத்துகிறேன்’ என்கிறான் அண்ணன். வீட்டிலேயே பூட்டி வைக்கலாமா? ஒரு சென்டரில் ஆள் வந்து தூக்கிப் போவார்களாம்.

வார்டு அக்கா:
இரண்டுமே வேண்டாம். காலையில் கை நடுங்குகிறவன் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். அதற்கடுத்து குழப்பம், சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரிவது, காய்ச்சல். அதில் உயிரே போகும். ஆஸ்பத்திரியில் குளோர்டயசிபாக்சைடு மாதிரி மாத்திரையைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள்; அதில்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கலாம். சங்கிலி போட்டுக் கட்டி வைப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது.

நடுக்கம் அடங்கிய பிறகுதான் உண்மையான வைத்தியம். நால்ட்ரெக்ஸோன் குடியில் வரும் கிக்கைக் குறைக்கும். அகாம்ப்ரோசேட் திரும்பவும் குடியில் விழாமல் இருக்க உதவும். கல்லீரல் கெட்டிருந்தால் பாக்லோஃபன் பார்ப்பார்கள். எது என்று டாக்டர் முடிவு செய்யட்டும். கூடவே கவுன்சிலிங்.

‘குடியை நிறுத்தக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லாதே, வர மாட்டான். ‘கை நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் காட்டுவோம்’ என்று சொல், அதுவும் பொய்யில்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு ஓபி. அவன் வராவிட்டால் அம்மாவை மட்டுமாவது கூட்டிப் போ. போனில் கேட்க 14446, கட்டணம் இல்லை.