'கீழ்நிலைச் சிந்தனை' என்ற சொல் வேண்டாமே

ஐயா, வணக்கம்.

வினாத்தாள் தயாரிப்புக்கு நீங்கள் முன்வைத்த கலைச்சொற்களைப் பார்த்தேன். மனப்பாடத்தைத் தாண்டி யோசிப்பதைக் குறிக்கும் 'உயர்நிலைச் சிந்தனை'யில் எனக்கு மறுப்பில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'உயர் சிந்தனை' என்று வந்து, பிள்ளைகளின் வாயிலும் பழகிவிட்டது. அதற்கு எதிர்ச்சொல்லாக 'கீழ்நிலைச் சிந்தனை' என்று நீங்கள் வைத்ததுதான் உறுத்துகிறது. அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ப்ளூமின் குழு 1956இல் கற்றலின் சிந்தனைத் திறன்களை ஆறு படிகளாக அடுக்கியபோது, படித்ததை நினைவில் வைத்துச் சொல்லும் 'அறிவு' அடியில் இருந்தது; புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் ஆகியவை அதன்மேல் வரிசையாக நின்றன. தமிழில் கீழ்நிலை என்றாலே மதிப்புக் குறைவும் ஒட்டிக்கொள்ளும். "உங்கள் பையன் கீழ்நிலைக் கேள்விக்கு மட்டும்தான் பதில் எழுதுகிறான்" என்று ஓர் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

நம்மவர்கள் மனப்பாடத்தை இளக்காரமாகப் பார்த்ததும் இல்லை. மாணவன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லும் நன்னூல், 'பாடம் போற்றல்' என்று சொல்லிவிட்டுத்தான் 'கேட்டவை நினைத்தல்' என்கிறது. ஆகவே 'அடிநிலைச் சிந்தனை' என்று வைப்போம். 'அடிப்படை' எல்லா இடத்திலும் புழங்கித் தேய்ந்துபோன சொல்.

நன்னூலின் ஆறு வினாக்களை ப்ளூமின் ஆறு படிகளோடு பொருத்தலாமே என்று கேட்டிருந்தீர்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்தாது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா எல்லாம் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை வைத்துப் பிரித்தவை. ப்ளூம் பார்ப்பது பதில் சொல்பவரின் மூளையை. விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதால், தேர்வுக் கேள்வி எல்லாமே நன்னூல் கணக்கில் அறிவினாதான்!

ப்ளூமின் அடுக்கை 2001இல் திருத்தியபோது படிகளின் பெயர்ச்சொற்களை வினைச்சொற்களாக்கினார்கள். 'அறிவு' போய் 'நினைவுகூர்தல்' வந்தது. மதிப்பிடுதல் ஒரு படி இறங்க, உச்சியில் ஏறிய 'create' என்ற படிக்குப் பலரும் 'படைத்தல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது கவிதைக்கும் பொங்கல் படையலுக்கும்தான் பொருந்துகிறது. சோதனை ஒன்றை வடிவமைக்கச் சொல்லும் அறிவியல் கேள்விக்கு 'உருவாக்குதல்' போதும்.

இன்னொன்று. படியின் பெயரைக் கேள்வியின்மேல் முத்திரையாகக் குத்திவிட முடியாது. ஒருமுறை ஒன்பதாம் வகுப்புக்கு, 'ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது?' என்று கேட்டிருந்தேன். மலைமேல் காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்று யோசித்து எழுதினால் அது பயன்படுத்துதல். விடைத்தாளைத் திருத்தினால் இருபது பேர் ஒரே வாக்கியத்தை, ஒரே எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். கேள்வி நோட்ஸிலேயே இருந்திருக்கிறது. அந்த இருபது பேருக்கும் அது வெறும் நினைவுகூர்தல். 'விளக்குக' என்று முடிகிற நம் நெடுவினாக்களில் பாதியும் இந்த ரகம்தான். அதனால் 'உயர்நிலை வினா' என்பதைவிட 'உயர்நிலைச் சிந்தனைக்கான வினா' என்பது நீளமானாலும் சரியானது.

பயன்படுத்துதலைச் சிலர் அடிநிலையில் சேர்க்கிறார்கள், சிலர் உயர்நிலையில். பார்த்திராத சூழலைக் கொடுத்துக் கேட்டால் உயர்நிலை என்பது என் கட்சி. வினாத்தாள் திட்ட அட்டவணையில் இப்போதைக்கு அப்படித்தான் போட்டிருக்கிறேன். 'இடைநிலை' என்று தனிக் கட்டம் வேண்டும் என்றால் சொல்லுங்கள், அச்சுக்குப் போகும்முன் மாற்றிவிடலாம்.