சிறுநீரக மாற்றுக்குப் பின் வந்த சர்க்கரை: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு சீராக இருக்கிறது, அந்த மட்டில் பெரிய நிம்மதி. ஆனால் முன்பு இல்லாத சர்க்கரை நோய் இப்போது வந்திருக்கிறது. வெறும் வயிற்றில் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கிறது. காலையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போட்டால் மாலைக்குள் 250ஐத் தாண்டிவிடுகிறது. ஸ்டீராய்டு இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது, புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்து கணையத்தில் அது சுரப்பதையே குறைக்கும் என்று மருத்துவர் விளக்கினார்.

உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை அளவும் கூடியிருக்கிறது. அழற்சி நீடித்தால் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலை) அதிகமாகலாம் என்பதால் பல் ஈறு, சிறுநீர்த் தொற்று எல்லாம் சோதிக்கச் சொல்லியிருக்கிறார். மருந்தை நாங்களாகக் குறைக்க மாட்டோம்.

இதே நிலையைக் கடந்தவர்களே, அழற்சிக்கு என்ன காரணம் கண்டுபிடித்தார்கள்? ஸ்டீராய்டு அளவு குறைந்ததும் மாலைச் சர்க்கரை இறங்கியதா? மருத்துவரிடம் வேறு என்ன கேட்க வேண்டும்? தயவுசெய்து எழுதுங்கள்.