"இதர பணிகள்"னா எதுவரைக்கும்? அலுவலக உதவியாளர் வேலை பத்தி ஒரு விவாதம்

பாலக்கோடு தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா பணியில இருக்கும்போதே தவறிட்டதால கருணை அடிப்படையில எனக்கு அலுவலக உதவியாளர் வேலை கிடைச்சிருக்கு. தர்மபுரி மாவட்டத்துல ஒரு அரசு அலுவலகம், பேர் வேணாம். சேர்ந்த அன்னிக்கே வேலைப் பட்டியல் கொடுத்தாங்க. ஆபீஸ் திறக்கறது, மேசை துடைக்கறது, தபால் கொண்டு போறது, கோப்பை ஒரு பிரிவுல இருந்து இன்னொரு பிரிவுக்கு எடுத்துட்டுப் போறது. கடைசி வரி: "மேலதிகாரிகள் அவ்வப்போது இடும் இதர பணிகள்".

பார்த்தா அந்தக் கடைசி வரிதான் மொத்த வேலையும். போன வாரம் பதிவறை ஜன்னல் வழியா குரங்கு ஒண்ணு உள்ள பூந்து, ஒரு கோப்பைத் தூக்கிட்டு வேப்பமரத்துல ஏறிடுச்சு. சூப்பரண்டு சார் என்னைப் பார்த்து, "தம்பி, போய் வாங்கிட்டு வா"ன்னாரு. குரங்குகிட்ட! வாழைப்பழத்தைக் காட்டி, பொட்டுக்கடலை வீசி, மரத்தடியிலயே நின்னு கெஞ்சினேன். அது டேக்கைப் பிரிச்சு ஒவ்வொரு தாளா நிதானமா பார்த்துச்சு. கடைசியில பழத்துக்கு இறங்கி வந்தப்பதான் கோப்பைக் கீழ போட்டுச்சு. ஆபீஸே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஆனா இந்த "இதர பணிகள்" எங்க போய் முடியும்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய டபேதார்:
தம்பி, அப்பா இடத்துல நின்னு குடும்பத்தைப் பார்க்கப் போறீங்க, நல்லா இருங்க. நான் தலைப்பாகை கட்டி, மார்புக்குக் குறுக்கே டவாலிப் பட்டை போட்டு அதிகாரிக்கு முன்னாடி நடந்து ஓய்வு பெற்றவன். ஒண்ணு சொல்றேன், அந்தக் கடைசி வரியை வெறுக்காதீங்க.

2004 பிப்ரவரி 9 அன்னிக்கு கிருஷ்ணகிரி தனி மாவட்டமாச்சு. அதுவரைக்கும் ஓசூர், ஊத்தங்கரை எல்லாமே தர்மபுரி மாவட்டம். மேல அரசாணை போட்டாங்க, வேலை முடிஞ்சுது. கீழ நாங்க பதிவறைக் கட்டுகளைத் தாலுகா வாரியா பிரிச்சு, சாக்குல போட்டுத் தைச்சு, லாரியில ஏத்தினோம். பல கட்டுகள்ல மேலட்டை செல்லரிச்சுப் போய் எழுத்தே தெரியாது. எங்ககூட ஒரு பெரியவர் இருந்தாரு, எழுத்துக்கூட்டித்தான் படிப்பாரு. அவரு கட்டைக் கையில வாங்கி, கயிறு முடிச்சைத் தடவிப் பார்த்து, "இது இன்னார் கட்டினது, அப்ப அவரு நிலப் பிரிவுல இருந்தாரு"ன்னு சொல்லுவாரு. பிரிச்சுப் பார்த்தா சரியா இருக்கும். எழுத்தருங்க பேனாவை வச்சுட்டு அவர் வாயைப் பார்த்துட்டு நின்னாங்க. இது எந்த வேலைப் பட்டியல்ல இருந்துச்சு?

அரக்கு முத்திரை இன்னொண்ணு. தேர்தல் வந்தா அதுக்குன்னே ஆள் தேடுவாங்க. மெழுகுவத்தியில காட்டும்போது அரக்கு தீப்பிடிச்சா கரிஞ்சு கறுத்துரும். இளகி முத்து கோக்கற நேரத்துல நூல் முடிச்சு மேல விடணும். பித்தளை முத்திரையை ஈரத் துணியில ஒத்திட்டு அழுத்தணும், இல்லன்னா அரக்கு முத்திரையோட ஒட்டிட்டு வந்துரும். மின்விசிறியை நிறுத்திட்டு, பெரிய பெரிய அதிகாரிங்க எல்லாம் வேர்வையோட நம்ம கையையே பார்த்துட்டு நிப்பாங்க. எனக்குப் பெருமையா இருந்த வேலை அது.

மத்தூர் அக்கா:
ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா ஒண்ணு கேக்கறேன். முடிச்சைத் தடவிச் சொன்ன அந்தப் பெரியவர் என்ன பதவியில ஓய்வு பெற்றாரு? எழுத்தருங்க அவர் வாயைப் பார்த்தாங்க, சரி. அவர் பேரை எங்கயாவது எழுதினாங்களா?

நானும் கிருஷ்ணகிரி மாவட்டத்துல உதவியாளர்தான். மே, ஜூன் வந்தா எங்க ஆபீஸ்ல இதர பணின்னா மாம்பழப் பெட்டி. அதிகாரிக்குச் சென்னையில வேண்டியவங்க நிறைய. மண்டிக்குப் போய் செந்தூரா, பீத்தர், மல்கோவான்னு தனித்தனியா பார்த்து வாங்கணும். பெட்டியில வைக்கோல் பரப்பி, காயும் பழமும் கலக்காம அடுக்கி, பேர் எழுதி பஸ்ஸுல ஏத்தி விடணும். எது நாளைக்கே பழுக்கும், எது நாலு நாள் தாங்கும்னு எனக்குக் கைபட்டாலே தெரியும், எங்க மாமனார் வீடு தோப்பு வீடு. தெரிஞ்சதே வினையா போச்சு. ஒரு வருஷம் பழம் நசுங்கிப் போச்சுன்னு சென்னையில இருந்து போன் வந்து, ஹால்ல எல்லார் முன்னாடியும் எனக்குத் திட்டு.

தம்பி குரங்கைத் துரத்தினது சிரிப்பு, ஒத்துக்கறேன். அது ஆபீஸ் கோப்பு. மாம்பழம் யாரோட கோப்பு? ரெண்டும் ஒரே வரிக்குள்ளதான் வருது. இன்னொண்ணு, எங்க ஆபீஸ்ல ஆண் உதவியாளரும் இருக்காரு. டீ பிளாஸ்க் மட்டும் என் கைக்குத்தான் வருது.

சிப்காட் வாசி:
நான் ஓசூர் சிப்காட்ல தனியார் கம்பெனி. எங்களுக்குப் பட்டியலும் இல்ல, கடைசி வரியும் இல்ல. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம் ஒட்டி மாக் டிரில் நடக்கும். அதுல அடிபட்டவன் நான்தான், வருஷா வருஷம். தலையில கட்டு, சட்டையில சிவப்பு மை. ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு ஓடுவாங்க. ஒரு தடவை வலிக்கிற மாதிரி கத்தாம சும்மா படுத்திருந்தேன்னு சேப்டி ஆபீசர் மறுபடி எடுக்கச் சொன்னாரு. எனக்கு இது பிடிச்சிருக்குங்க. அன்னிக்கு ஒருநாள் மேனேஜர்ல இருந்து எல்லாரும் என்னைத் தூக்கறாங்க.

சங்கத்துக்காரர்:
சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அடிப்படையை மறக்க வேண்டாம். தமிழ்நாடு அடிப்படைப் பணியில் இது முதல் ஊதிய நிலை, 15,700 ரூபாயில் தொடங்குகிறது. கேட்கும் தகுதி 8ஆம் வகுப்பும், மிதிவண்டி ஓட்டத் தெரிந்திருப்பதும். விண்ணப்பிப்பவர்களோ பட்டதாரிகள், பொறியியல் படித்தவர்கள். அவர்களிடம் கணினி வேலை வாங்குகிறார்கள், தட்டச்சு வாங்குகிறார்கள், பிறகு வீட்டுக்குக் காய்கறியும் வாங்கி வரச் சொல்கிறார்கள். அனைத்துக்கும் அந்த ஒற்றை வரிதான் அனுமதிச் சீட்டு. காவல்துறையில் காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைக்கும் ஆர்டர்லி முறையை 1979இல் அரசாணை போட்டு ஒழித்தார்கள். அதே முறை தொடர்கிறது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் கண்டிக்க வேண்டி வந்தது. எனவே "இதர பணிகள்" என்ற வரியையே நீக்க வேண்டும். எழுதியிருப்பது மட்டுமே வேலை.

பழைய டபேதார்:
சங்கத்து ஐயா, அது போலீஸ்காரங்களை வீட்டு வேலைக்கு வச்ச விஷயம். அவங்களுக்கு வேற வேலை இருக்கு, அதுல இருந்து இழுத்தாங்க. ஆபீஸ் உதவியாளர் கதை வேற, ரெண்டையும் ஒண்ணாக் கட்டாதீங்க. மாம்பழப் பெட்டியை நான் எந்த இடத்துலயும் நியாயம்னு சொல்லல. அந்த அம்மாவைத் திட்டின அதிகாரிக்கு வெக்கம் இல்ல. ஆனா வரியை எடுத்துட்டா நாளைக்கு என்ன நடக்கும்? குரங்கு கோப்பைத் தூக்கினா யார் போவாங்க? "என் பட்டியல்ல இல்ல"ன்னு அத்தனை பேரும் உட்கார்ந்திருப்பாங்க. கோப்பு யாரோ ஒரு விவசாயியோட பட்டா. நட்டம் அவருக்கு.

தளி ரோடு:
இப்ப நான் இளநிலை உதவியாளர். அலுவலக உதவியாளரா சேர்ந்து, பதிவறை எழுத்தராகி, அப்புறம் இங்க வந்தேன். ரெண்டு பக்கமும் தெரியும்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, தளி பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசற ஜனம் அதிகம். திங்கக்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மனுவோட வருவாங்க. மனு தமிழ்ல இருக்கும், எழுதினவர் வாசல்ல காசு வாங்கிட்டு எழுதிக் கொடுத்தவரு. கேள்வி கேட்டா பதில் கன்னடத்துல வரும். அதிகாரி வெளியூர்க்காரர். அந்த நேரத்துல தண்ணி டம்ளரைத் தூக்கிட்டு நிக்கற என்னைப் பார்ப்பாரு. எங்க வீட்டுல கன்னடம்தான்.

ஒரு பாட்டி மனுவுல "முதியோர் உதவித்தொகை வேண்டும்"னு இருந்துச்சு. பாட்டி கன்னடத்துல பேசப் பேச, விஷயம் வேறன்னு புரிஞ்சுது. புருஷன் செத்த பிறகு நிலம் கொழுந்தன் பேருக்குப் போயிட்டுது, அதைத்தான் கேட்கறாங்க. எழுதினவருக்கு மொழி புரியல, வழக்கமா எழுதற மனுவையே எழுதிட்டாரு. நான் சொன்னதைக் கேட்டு அதிகாரி மனுவை மாத்தி எழுத வச்சு, தாசில்தாருக்கு அனுப்பினாரு. டம்ளரைக் கீழ வைக்கக்கூட நேரமில்ல, கையில பிடிச்சுட்டேதான் மொழிபெயர்த்தேன்.

அந்த வரி இல்லன்னா அந்தப் பாட்டி உதவித்தொகை மனுவோட திரும்பிப் போயிருக்கும். அதனால வரியை எடுக்கறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

மத்தூர் அக்கா:
தளி ரோடு அண்ணா, நீங்க சொன்னதுதான் என் பக்கத்துக்கே சாட்சி. அத்தனை திங்கக்கிழமையும் நடக்குதுன்னா அது எப்படி "இதர" ஆகும்? கன்னடம், தெலுங்கு தெரிஞ்ச உதவியாளர் மனு நாள்ல மொழிபெயர்ப்பாரு, அதுக்கு இவ்வளவு படின்னு எழுதி வைக்கலாமே. நீங்க மாறிப் போனீங்க. இப்ப அந்த இடத்துல கன்னடம் தெரியாத ஒருத்தர் டம்ளரோட நிக்கறாருன்னா அடுத்த பாட்டிக்கு யாரு? எழுதாம விட்டதாலதான் அது உங்களோடயே போயிடுச்சு.

தளி ரோடு:
அது உண்மை அக்கா. எனக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர் நாமக்கல்காரர். இப்பவும் திங்கக்கிழமை எனக்கு போன் வருது, ஸ்பீக்கர்ல போட்டு வச்சுக்கறாங்க. ஆனா படி கொடுத்தா அடுத்து "சான்றிதழ் இருக்கா, தேர்வு எழுதினியா"ன்னு கேட்பாங்க. வீட்டுப் பேச்சுக் கன்னடத்துக்கு எந்தச் சான்றிதழ்? எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பேச மட்டும்தான். எழுத்துல வந்தா முதல்ல விழறது என்னை மாதிரி ஆள்தான்.

பழைய டபேதார்:
இதைத்தான் சொல்ல வந்தேன். ஜமாபந்தியைப் பாருங்க, வருஷா வருஷம் கிராம வருவாய்க் கணக்கைத் தணிக்கை பண்றது. நில அளவைச் சங்கிலியை ஆய்வுக்கு வைக்கணும், 66 அடி, 100 கண்ணி. செயற்கைக்கோள் உதவியோட அளக்கற டிஜிபிஎஸ் கருவி வந்த பிறகு அதை வச்சு யார் அளக்கறாங்க? ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை மண்ணெண்ணெய் போட்டு ஒவ்வொரு கண்ணியா துரு தேய்ச்சுப் பளபளன்னு வைக்கறோம். பட்டியல்ல எழுதினது எல்லாம் இப்படித்தான், தேவை போன பிறகும் நிக்கும். எழுதாத வேலை தேவைக்கு வரும், தேவை தீர்ந்தா போயிடும்.

சங்கத்துக்காரர்:
ஐயா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. வரியை முழுதாக நீக்கும் கோரிக்கையை இப்படி மாற்றுகிறேன்: "அலுவலகப் பணி தொடர்பான இதர பணிகள்". மூன்று சொல் கூடுதல். குரங்கும் பாட்டியும் உள்ளே, மாம்பழமும் காய்கறியும் வெளியே.

பழைய டபேதார்:
தொடர்பு இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது அதே அதிகாரிதானே? "சென்னை உயரதிகாரிக்கு மாம்பழம் அனுப்பறது அலுவலக நல்லுறவு"ம்பாரு. சொல்லைக் கூட்டினா ஆள் மாறமாட்டான்.

பாலக்கோடு தம்பி:
பெரியவங்க பேசறதை எல்லாம் படிச்சுட்டே இருக்கேன். இதுக்கு நடுவுல இன்னிக்கு ஒண்ணு வந்துருச்சு. அதிகாரி பையனை டியூஷன்ல இருந்து வீட்டுல விடணுமாம், தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு. என் வண்டி, என் பெட்ரோல். நாளைக்கே ஆரம்பிக்கணும். முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

மத்தூர் அக்கா:
தம்பி, வாயால முடியாதுன்னு சொல்லாதீங்க. ஆபீஸ்ல மூவ்மெண்ட் ரெஜிஸ்டர் இருக்கும்ல? வேலை நேரத்துல வெளிய போறவங்க எங்க போறோம், எதுக்குன்னு எழுதிட்டுத்தான் போகணும். அதுல உள்ளதை உள்ளபடி எழுதுங்க: "அதிகாரியின் மகனை டியூஷனில் இருந்து வீட்டுக்கு அழைத்துச் செல்ல". நேரம் போடுங்க. பக்கத்துல அதிகாரி கையெழுத்துக்கு இடம் விடுங்க, மரியாதையா நீட்டுங்க. நான் மாம்பழத்துக்கு அப்படித்தான் எழுதினேன், எத்தனை பெட்டின்னும் சேர்த்து. அவரு வாசிச்சாரு, மூடி வச்சாரு, அந்த வருஷம் மண்டிக்கு வேற யாரோ போனாங்க. ஆபீஸ்காரங்க யாரும் இல்ல.

பழைய டபேதார்:
அம்மா, உங்களுக்குப் பணி நிரந்தரம் ஆயிடுச்சு. இந்தப் பையன் தகுதிகாண் பருவத்துல இருக்கான். அதை முடிச்சு உத்தரவு போடப் போறவர் அதே அதிகாரி. சேர்ந்த உடனே மோதினா வேறெதாவது குறை கண்டுபிடிச்சு எழுதுவாரு. தம்பி, சூப்பரண்டு மூலமா சொல்லிப் பாருங்க. "வண்டி ரிப்பேர், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்"னு ஏதாவது சொல்லித் தள்ளுங்க.

மத்தூர் அக்கா:
பொய் சொல்லித் தள்ளினா அந்தப் பொய்யை தினமும் சொல்லணும் ஐயா. தகுதிகாண் பருவத்துல என்ன பழக்கறாங்களோ அதுதான் கடைசி வரைக்கும். எனக்கு டீ பிளாஸ்க் வந்தது அப்படித்தான், இன்னும் போகல.

பாலக்கோடு தம்பி:
அம்மாவை வச்சுப் பொய் சொல்ல எனக்கு மனசு வரல ஐயா, மன்னிச்சுக்கோங்க. முதல்ல சூப்பரண்டு சார்கிட்ட நேராவே சொல்லிப் பார்க்கறேன். அவரு "போய்த்தான் ஆகணும்"னா, போறதுக்கு முன்னாடி ரெஜிஸ்டர்ல அக்கா சொன்ன மாதிரியே எழுதறேன். கையெழுத்து கேட்கறதை நாளைக்கே செய்ய மாட்டேன். முதல்ல எழுதின வரி அங்க இருக்கட்டும், தணிக்கைக்கு வர்றவங்க படிக்கட்டும்.