உசிலம்பட்டி செம்மண்ணில் மா ஒட்டுக்கன்றுகள் மஞ்சளாகின்றன: ஜிப்சம் இடலாமா?

கேள்வி (உசிலம்பட்டி)
வணக்கம். சரளை கலந்த ஒன்றரை ஏக்கர் செம்மண் காட்டில் சென்ற ஐப்பசியில் 60 மா ஒட்டுக்கன்றுகளை நட்டேன். 3 அடிக் குழியெடுத்து, கயிறு ஆலையிலிருந்து நேராக ஏற்றி வந்த நார்க்கழிவையும் தொழுவத்துச் சாணத்தையும் பாதிக்குப் பாதி நிரப்பி, மேலே மட்டும் செம்மண் தள்ளினேன். ஈரம் தங்கும் என்பதே எண்ணம். மாசி பிறந்ததிலிருந்து கன்றுகள் மஞ்சளாகி, இதுவரை 14 பட்டுப்போயின. சொட்டுநீர் தினமும் பாய்கிறது. மண் பரிசோதனையில் பி.எச். 7.4 என்று வந்திருக்கிறது. உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் (தே.கல்லுப்பட்டி)
ஐயா, பொறுங்கள். ஜிப்சத்தின் வேலை களர் நிலத்தில் மண்ணோடு ஒட்டியிருக்கும் சோடியத்தைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தை அமர்த்துவது. பெயர்ந்த உப்பை நல்ல தண்ணீர் கட்டி வடித்தும் விட வேண்டும். பி.எச். 8.5-ஐத் தாண்டிய எங்கள் கரிசல் துண்டு ஒன்றில் அது பலன் தந்தது. உங்கள் மண்ணில் அதற்கு வேலையே இல்லை. மஞ்சளாவது அடி இலையா, கொழுந்தா? கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. முதிர்ந்த இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறை. பட்டுப்போன கன்று ஒன்றைத் தோண்டியும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
அடி இலைகள்தாம். குழி அரை அடி இறங்கி, மழையில் வழிந்த மண் ஒட்டுப் பகுதியை மூடியிருக்கிறது. தோண்டிய கன்றின் வேரில் கறையான். சாணமோ இன்னும் சாணமாகவே கிடக்கிறது.

பதில் (மேலூர்)
காரணம் நீங்கள் சொன்னதிலேயே இருக்கிறது. மட்க வைக்காத நார்க்கழிவில் தழைச்சத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு கரிமம் இருப்பதால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் கன்றுக்குச் சேர வேண்டிய தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. மட்காத சாணம் கறையானை வரவழைத்தது. மேலும், பஞ்சு போன்ற குழிக்குள் தினமும் நீர் கிடைத்தால் வேர் வெளிச்சரளையைத் தேடிப் போகாது.

மீதமுள்ள 46 கன்றுகளிலும் ஒட்டுப் பகுதியை மூடிய மண்ணை முதலில் விலக்குங்கள். ஆழப் புதைந்தவற்றை வேர்மண்ணோடு தூக்கி, அடியில் செம்மண்ணிட்டு உயர்த்தி வையுங்கள். கன்றுக்கு 50 கிராம் யூரியாவை இரண்டு தடவையாகப் பிரித்து, தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி ஈரத்தில் இடலாம். சொட்டுவானையும் அவ்வளவே தள்ளி, மூன்று நாளுக்கு ஒருமுறை நன்றாக நனையும்படி விடுங்கள். காலிக் குழிகளைச் சித்திரை வெயிலில் திறந்து போட்டு, மழைக்கு முன் தோண்டிய மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடுங்கள். நார்க்கழிவை வெளியே குவித்து மட்க விடுங்கள். பிறகு அது நல்ல மூடாக்கு.

கேள்வி கேட்டவர்
கண்மாய் வண்டல் கிடைக்கிறது. குழியில் சேர்க்கலாமா?

பதில் (மேலூர்)
சரளைக்கு வண்டல் ஏற்றதுதான். ஆனால் குழிக்கு இரண்டு கூடைக்கு மேல் வேண்டாம். அதையும் செம்மண்ணோடு பிசிறக் கலந்து இடுங்கள், தனி அடுக்காகக் கொட்டினால் கோடையில் பிளந்து வேரை அறுக்கும்.